அடுப்படி முதலில், சாலை கடைசியில்

பள்ளி திறக்கும் வாரத்தில் பினாங்கின் எந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் சிற்றுண்டிச்சாலையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். உள்ளே முதலாம் ஆண்டுப் பிள்ளைகள், ஏழு வயது. தடுப்புக் கம்பிக்கு வெளியே அம்மாக்கள், அப்பாக்கள், அரைநாள் விடுப்பு எடுத்து வந்த சித்தப்பாக்கள். ஒரு பையன் ஐந்து வெள்ளி நோட்டைக் கசக்கிப் பிடித்தபடி வரிசையில் நிற்கிறான். மீகூன் கைக்கு வந்ததும் மிச்சக் காசை மறந்து நகர்கிறான். "தம்பி, மிச்சம்! மிச்சக் காசு வாங்குய்யா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல். உட்கார்ந்த பிறகு தண்ணீர் போத்தலின் மூடி திறக்க மாட்டேன் என்கிறது. அவன் தலையைத் திருப்புவதற்குள் கம்பி இடுக்கு வழியாக ஒரு கை நீண்டு, போத்தலை வாங்கி, திறந்து, திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

அந்தக் கையைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

ஓய்வு நேரத்தின் சில நிமிடங்களுக்குள் அந்தப் பையன் செய்யவேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும், காசு கொடுத்து மிச்சம் வாங்கவேண்டும், தட்டைச் சிந்தாமல் தூக்கவேண்டும், மூடி திறக்கவேண்டும், கழிப்பறைக்குப் போய்க் கால்சட்டைக் கொக்கியை மறுபடி மாட்டவேண்டும், மணி அடித்ததும் வகுப்புக்கு வழி கண்டுபிடிக்கவேண்டும். இதையெல்லாம் ஒட்டுமொத்தமாக 'சொந்தக் காலில் நிற்பது' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். 'என் மகள் கெட்டிக்காரி, எல்லாம் தானே செய்வாள்', 'என் மகன் கூச்சக்காரன், ஒன்றும் செய்யமாட்டான்' என்று அதைப் பிள்ளையின் குணமாகவே ஆக்கிவிடுகிறோம். ஆய்வுகள் காட்டுவது வேறு. அந்த மூட்டைக்குள் இருப்பவை தனித்தனித் திறன்கள். ஒவ்வொன்றும் கண், கை, மூளை ஆகியவற்றின் வெவ்வேறு வளர்ச்சியை நம்பி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வயது. நம் வீடுகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் வாதம்.

மூக்குச் சிந்துவதிலிருந்து தொடங்குவோம். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். ஒருநாள் கைக்குட்டையால் மூக்கை எப்படிச் சுத்தம் செய்வது, சத்தமில்லாமல் எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்கு நிதானமாகச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறதே என்று எல்லாரும் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் காட்டியதில்லை. இதே மாண்டிசோரிதான் 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கவும் நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். இன்று தமிழ்நாட்டிலும் பினாங்கிலும் மாண்டிசோரி பெயரைப் பலகையில் போட்ட பாலர் பள்ளிகள் ஏராளம். கட்டணம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் முதலில் வைத்த பாடங்களோ பித்தான் மாட்டுவது, நாடா கட்டுவது, தண்ணீர் ஊற்றுவது. பித்தான் மாட்டப் பழகுவதற்கென்றே மரச்சட்டத்தில் இரண்டு துணிகளைப் பொருத்திய கருவி ஒன்று அவர் முறையில் உண்டு. சட்டையைப் போட்டுக்கொண்டே கற்றால் கழுத்தைக் குனிந்து பார்க்கவேண்டும், நேரமாகிவிட்டது என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். சட்டத்தில் கை, கண், துணி மூன்றும் நேருக்கு நேர்.

எந்த வேலையையும் இப்படிப் படிகளாகப் பிரிக்கலாம். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். பிரித்த பிறகு எந்தப் படியை முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு அவர்கள் வைத்திருக்கும் விடை பெற்றோர் பலரை வியக்கவைக்கும்: கடைசிப் படியை. காலணி நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டு, இரண்டு காதுகளையும் கோத்து, எல்லாவற்றையும் பெரியவர் செய்துவிடுகிறார். இரண்டு காதுகளையும் இழுத்து இறுக்குவது மட்டும் பிள்ளையின் வேலை. இழுத்ததும் முடிச்சு விழுகிறது, நாடா கட்டியாயிற்று. அது கைவந்த பிறகு கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. வழக்கம்போல முதல் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் பிள்ளை பாதியில் நிற்கும், பெரியவர் முடித்துவைப்பார். 'முடித்தது அப்பா' என்பதே மனத்தில் பதியும். பின்னாலிருந்து தொடங்கினால் முடிப்பது எப்போதும் பிள்ளை. ஒரு செயலுக்கு உடனே பலன் கிடைக்கும்போது மூளை அந்தச் செயலைப் பற்றிக்கொள்கிறது. நடத்தை உளவியலின் மிகப் பழைய கண்டுபிடிப்புகளில் ஒன்று இது.

காலணி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மலேசியாவில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் காலணி அணிந்தார்கள். வாரக் கடைசியில் அதைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சாயம் பூசி, வெயிலில் சாய்த்து வைப்பது பிள்ளையின் பொறுப்பு. திங்கட்கிழமை காலை அது காய்ந்ததா இல்லையா என்பதே தீர்ப்பு. யாரும் மதிப்பெண் போடவேண்டியதில்லை. 2018-இல் கல்வி அமைச்சு கறுப்புக் காலணி அறிவிப்பை வெளியிட்டது. 2021-க்குள் முழுமையாக மாறவேண்டும் என்று ஏற்பாடு. பெற்றோருக்குப் பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை தொடக்கம் முதல் முடிவு வரை தானே பொறுப்பேற்கும் வேலைகள் ஒரு வீட்டில் எத்தனை இருக்கும்? அவற்றில் ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது. இதை எந்தக் கல்வி விவாதத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது கம்பி வழியே நீண்ட கைக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஜூலியா லெனார்டும் அவர் குழுவினரும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிள்ளை ஒரு கடினமான புதிரோடு மல்லுக்கட்டுகிறது. ஒரு குழுவில் பெரியவர் "கஷ்டமாக இருக்கிறதா, நான் செய்கிறேன்" என்று வாங்கி முடித்துவிடுகிறார். இன்னொரு குழுவில் குறிப்புக் கொடுத்து, கேள்வி கேட்டு, பிள்ளையையே செய்யவைக்கிறார். அடுத்து இரண்டு குழுவுக்கும் ஒரு மரப்பெட்டி தரப்படுகிறது. அது திறக்கவே முடியாதபடி செய்யப்பட்ட பெட்டி, பிள்ளைகளுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் முயன்று பார்க்கிறார்கள் என்பதுதான் அளக்கப்பட்டது. பெரியவர் பிடுங்கிச் செய்துகொடுத்த பிள்ளைகள் சீக்கிரம் கைவிட்டார்கள். பெட்டி வேறு, புதிர் வேறு. ஆனாலும் 'இதெல்லாம் என்னால் ஆகாது' என்ற முடிவு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிட்டது.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஆறரைக்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து இறங்கினால்தான் நெரிசலுக்கு முன் பள்ளிக்குப் போய்ச் சேரமுடியும் என்ற வீட்டில், பித்தானுக்குப் பத்து நிமிடம் கொடு என்று சொல்வது எளிது. அதே லெனார்டின் குழுவினர் பின்னர் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு ஹாக்கி உடுப்பு மாட்டும் விளையாட்டை வைத்துப் பெற்றோரைக் கவனித்தார்கள். உடுத்துவதும் பிள்ளை கற்றுக்கொள்ளும் விஷயம்தான் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பெற்றோர் இடையில் புகுவது கணிசமாகக் குறைந்தது. கணக்கைக் கற்றல் என்று பார்ப்பவர்கள் சட்டை மாட்டுவதை வெறும் தாமதமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே காலை ஆறரையில் பித்தான் பாடம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை வைத்துக்கொள்ளலாம்.

உதவி செய்யும் ஆசை பிள்ளைக்கு இல்லையோ என்ற கவலையும் தேவையில்லை. 2006-இல் உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் பதினெட்டு மாதக் குழந்தைகள் முன்னால் துணி காயப்போடும் கிளிப்பைத் தவறவிட்டதுபோல் நடித்தார்கள். யாரும் கேட்காமலே பெரும்பாலான குழந்தைகள் எடுத்துக் கொடுத்தன. வேண்டுமென்றே வீசினால் எடுக்கவில்லை; தவறி விழுந்ததற்கும் வீசியதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு ஆய்வு: உதவிக்குப் பரிசாகப் பொம்மை கொடுக்கப்பட்ட குழந்தைகள், பரிசு நின்றதும், எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாக உதவின. ஒன்றரை வயதில் தானாக வந்து துடைப்பத்தைப் பிடிக்கும் பிள்ளையை "போ, போய் விளையாடு" என்று அனுப்புகிறோம். பத்து வயதில் பாத்திரம் கழுவ ஒரு வெள்ளி தருகிறேன் என்று பேரம் பேசுகிறோம்.

சரி, எதை முதலில் கையில் கொடுப்பது? சமையலறையை என்கிறேன், கத்தியோடு சேர்த்து. பதறவேண்டாம். ஆபத்துகளில் இரண்டு வகை உண்டு. கத்தி தன் இடத்திலேயே இருக்கும். அதன் வேகம் பிள்ளையின் கைவேகம். தவறினால் விரல் உடனே சொல்லிவிடும், அடுத்த முறை கை தானாகவே மெதுவாகும். சாலையில் வரும் வண்டியின் வேகத்தைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. அங்கே தவறிலிருந்து கற்க இரண்டாவது வாய்ப்பும் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ‘அக்கா’ எனப்படும் மக்கள் நடக்கப் பழகும் குழந்தைக்கே சின்னஞ்சிறு வெட்டுக்கருவிகளைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மழுங்கிய சிறு கத்தியும் வாழைப்பழமும் போதும், பிறகு வெள்ளரிக்காய். கொதிநீர் மட்டும் விதிவிலக்கு. சின்னப் பிள்ளைகளின் தீப்புண்களில் பெரும்பகுதி சூடான நீரால், தேநீரால், குழம்பால் வருவது. அதனால் அடுப்புக்கு முன் அரிசி.

அரிசிக்குத் தண்ணீர் வைப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று பினாங்கின் எந்த வீட்டிலும் பாட்டிமார் அளக்கும் முறை ஒன்றுதான்: விரல் நுனி அரிசியின் மேற்பரப்பைத் தொடவேண்டும், தண்ணீர் முதல் கணுவரை வரவேண்டும். ஒரு பிடி அரிசியானாலும் அரைப் பானையானாலும் அதே கணு. இது எப்படிச் சரியாக வருகிறது? அரிசி குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியிலேயே இருக்கிறது. அரிசி கூடினால் அதுவும் கூடிவிடும். ஆவியாகப் போவது பானையின் வாயகலத்தைப் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்ததல்ல. மேலே நிற்கும் ஒரு கணுத் தண்ணீர் ஆவிக்கும் மீதிக்குமாகச் சேர்ந்து தோராயமாக ஈடுகட்டிவிடுகிறது. அகலமான அண்டாவில் கணக்குப் பிசகுவதும் இதனால்தான். இனி, இந்த முறையை எட்டு வயதுப் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தால் சோறு விறைத்துப்போகும். அவன் கணு சின்னது. பாட்டிக்கு ஒரு கணு என்றால் அவனுக்கு ஒன்றரை. அதை அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், இரண்டு வேளை விறைத்த சோறும் ஒரு வேளை குழைந்த சோறும் சாப்பிட்டபிறகு அளவு படிந்துவிடும். அளக்கும் கருவியையே சரிபார்ப்பது என்ற அறிவியலின் அடிப்படைப் பழக்கம் அவனுக்குக் கிடைத்தாயிற்று, பெயர் தெரியாமலே.

வீட்டில் கற்றது பள்ளிக்குப் போகுமா, பள்ளியில் கற்றது வீட்டுக்கு வருமா? இதைப் பற்றி நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் நடந்தது. டெரெசினா நூனெஸும் சக ஆய்வாளர்களும் தெருவில் இளநீர், பழம் விற்கும் சிறுவர் ஐந்து பேரிடம் வாடிக்கையாளர்களைப்போல் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு சரியான விடை. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடு. இது 1985-இல். நாற்பது ஆண்டு கழித்து, 2025-இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பெரிய அளவில் இதைச் சோதித்தார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனத்திலேயே முடித்தார்கள், பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளோ எளிய கடைக் கணக்கில் திணறினார்கள். இரு பக்கமும் பாலம் இல்லை.

பினாங்குப் பெற்றோருக்கு இதில் சேதி உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியக் கடைகளில் ஒரு காசு நாணயம் இல்லாமல் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள்: ஏழு வெள்ளி 82 காசு என்றால் 7.80, 83 என்றால் 7.85. லிட்டில் இந்தியாவில் பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கிப் பத்து வெள்ளி நோட்டை நீட்டும் பிள்ளைக்குச் சரிக்கட்டலும் கழித்தலும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும், பின்னால் வரிசை நிற்கும்போது. அம்மாவின் கைப்பேசியைக் குறியீட்டின் முன் காட்டி 'டிங்' என்று ஒலி கேட்கும் பிள்ளைக்கு இதில் எதுவும் நடப்பதில்லை. மின்பணப்பை நல்ல வசதி. எட்டு வயதுவரை நாணயமே கையில் இருக்கட்டும் என்பேன்.

இப்படிக் கையால் செய்து கற்பதைப் பள்ளியும் தராமலில்லை. 'கெமாஹிரான் ஹிடூப்' (வாழ்க்கைத் திறன்) என்ற பாடம் படித்த தலைமுறைக்கு மூன்று முனைச் செருகியில் கம்பி மாட்டியது நினைவிருக்கும்: பழுப்பு மின்னோட்டக் கம்பி, நீலம் நடுநிலை, பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலக்கம்பி. இடைநிலைப்பள்ளியில் 2017 முதல் அந்த இடத்துக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் வந்தது. செருகியைத் திருகாணி வைத்துத் திறந்து மூடியவர்களுக்கு அது மறக்கவில்லை. நூலில் படம் வரைந்து வண்ணம் தீட்டியவர்களை இன்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது சாலை. ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனில் பிள்ளைகள் கடைக்குத் தனியாகப் போனார்கள், பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தத் தனிமை முழுத் தனிமையல்ல. கடைவீட்டின் மாடியில் குடும்பம், கீழே வியாபாரம், வாசலில் அஞ்சடி நடைபாதை. சூலியா வீதியிலிருந்து குயின் வீதிவரை போகும் பையனை ஒரு பொற்கொல்லர், ஒரு பூக்காரம்மா, ஒரு புத்தகக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000 ஜனவரி முதல் வாடகை ஏறியது. குடும்பங்கள் உள்நகரை விட்டு அடுக்குமாடிகளுக்குப் போயின. கட்டடங்கள் நின்றன, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த கண்கள் போய்விட்டன. நாடகக் கலைஞரும் பல்கலைக்கழக ஆசிரியருமான ஜேனட் பிள்ளை ‘அனாக்-அனாக் கோத்தா’ திட்டத்தின் மூலம் பிள்ளைகளைத் திரும்ப அந்தத் தெருக்களுக்கு அழைத்துப்போனார். கைவினைஞர்களிடம் போய்ப் பேசுவது, கேட்டு எழுதுவது, தெருவை வரைபடமாக்குவது என்று பாரம்பரியக் கல்வியாகத்தான் அது நடந்தது. அறிமுகமில்லாத பெரியவரிடம் வணக்கம் சொல்லிக் கேள்வி கேட்பதும் ஒரு வாழ்க்கைத் திறன்தான், நம் பிள்ளைகளிடம் அதிகம் காணாமல்போனதும் அதுதான்.

இங்கிலாந்திலும் இதே கதை, எண்களோடு. 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் 9 விழுக்காடு. ஆய்வாளர் மேயர் ஹில்மன் குழுவினரின் கணக்கு இது.

பழைய சுதந்திரத்துக்கு ஏங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி பிளமெர்ட் குழுவினர் திரைகளில் செயற்கைச் சாலை ஒன்றை உருவாக்கி, தொடர்ந்து வண்டி வரும்போது பிள்ளைகளைக் கடக்கச் சொன்னார்கள். ஆறு வயதினர் 8 விழுக்காடு முறை 'அடிபட்டார்கள்', பத்து வயதினர் 5, பன்னிரண்டு வயதினர் 2. பதினான்கு வயதில்தான் பெரியவர்கள் அளவுக்குத் தேறினார்கள். இடைவெளியைக் கண் கணிப்பதும் அந்த நொடியில் கால் எடுப்பதும் ஒன்றுசேர அவ்வளவு காலம் ஆகிறது. தைரியத்தால் இதை ஈடுகட்ட முடியாது. உளவியலாளர் ஜான் வானின் ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது: வரும் வண்டி கண்ணில் பெரிதாகும் வேகத்தை வைத்துத்தான் அது நெருங்குவதை உணர்கிறோம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டியில் இந்த உணர்வு தவறக்கூடும். 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். போதாக்குறைக்கு பினாங்கில் வருவது பெரும்பாலும் மோட்டார்சைக்கிள். உருவம் சிறியதானால் அது வந்துசேர நேரமாகும் என்று பெரியவர் கண்ணே ஏமாறுகிறது.

அதனால்தான் வரிசை தலைகீழ் என்றேன். பதினோரு வயதுப் பையனை அடுப்புப் பக்கம் விடாத வீடுகளில், அதே பையன் பதினாலு வயதில் மாமாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு தாமானுக்குள் ஒரு சுற்றுப் போனால் "பக்கத்துலதானே" என்று கண்டும் காணாமல் இருக்கிறார்கள். மோட்டார் உரிமத்துக்குச் சட்டம் கேட்பது பதினாறு வயது.

அதற்காகப் பதினான்கு வயதுவரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் தாம்சன் உருவாக்கிய பயிற்சியில் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஊர்ப் பெற்றோரே சாலையோரத்தில் நிறுத்திக் கற்பித்தார்கள். அங்கே முதல் பாடம் இடைவெளியைக் கணிப்பதல்ல, எந்த இடத்தில் கடப்பது என்பது. வளைவில் கூடாது, நிறுத்திய வண்டிகளுக்கு இடையில் கூடாது, நாலாபுறமும் தெரியும் இடம் வேண்டும். இதற்கு வேகம் கணிக்கும் கண் வேண்டியதில்லை. ஐந்து வயதில் முடிகிறது. பினாங்கில் செய்வதானால் இப்படி: பாசார் வீதியில் சாமான் இறக்கும் வேன்கள் நிற்கும் நேரத்தில் போங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இழுக்காதீர்கள். "எங்கம்மா கடக்கலாம்?" என்று மகளைக் கேளுங்கள். முதலில் நேரே எதிர்க்கடையைக் காட்டுவாள், ஐஸ்கிரீம் அங்கே இருப்பதால். வேனின் மூக்குவரை கூட்டிப்போய் "இங்கிருந்து என்ன தெரியுது?" என்று கேளுங்கள். வேன்தான் தெரியும். சிலமுறை போனபிறகு, விளக்குச் சந்திவரை நடந்து சுற்றிப்போகலாம் என்று அவளே சொல்வாள். வெயிலாக இருந்தாலும், நேரமாகியிருந்தாலும், அன்றைக்குச் சுற்றித்தான் போகவேண்டும்.